மதராஸ் மனதே!

நம்முடைய ஊராகிய சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரு வகைப்படுவர். முதல் வகையார் பாடலாத்திரி நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்கள். மலையைக் குடைந்து அமைத்த கோயிலாதலால், இங்கே பெருமாளைப் பிரதட்சிணம் செய்ய வேண்டுமென்றால் மலையையே சுற்றி வரவேண்டும். இவர்கள் சுற்றிவிட்டு அன்று மாலையே ரயில் ஏறிவிடுவார்கள். இரண்டாம் வகையார் மேற்கே ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற சாலையில் வேலை தேடி வருகிறவர்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ வந்து, ஓர் அறையில் ஆறு பேராய்த் தங்கிவிடுவார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழியில் ஒரு நீண்ட மதில் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் முன்பதிவு செய்துகொள்கிற மதில் அது. சில நாட்களுக்கு முன் அதிலே யாரோ பெரிய எழுத்தில் "தமிழ்நாட்டு வேலை தமிழருக்கே!" என்று எழுதியிருந்தார்கள். மதிலுக்கு நேர் எதிரே, நாம் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடை. கடைக்காரர் ஒரு கையில் டபராவும் ஒரு கையில் தம்ளருமாக நின்று அந்த எழுத்தைப் படித்தார்.

"வாஸ்தவமான வார்த்தை, ஐயா! இப்படி யாராவது எழுதினால்தான் உறைக்கும்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மாடிப்படியில் ஒரு பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். ஒடிசாக்காரன், கடைக்காரரின் மாடி அறையில் குடியிருப்பவன். கண்கள் சிவந்து, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். உடனே தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "ஐயா, நம்ம பையனுக்கு அனலாய்க் கொதிக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன். பாலை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அவனை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்த்தி வைத்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இவ்விதமாக, பேனாவைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத நாம் ஒரு தேநீர்க் கடைக்கு அதிபதியானோம். எதிரே மதில், பக்கத்தில் பால். மதிலிலே 'தமிழருக்கே' என்கிறது. கடைக்காரரோ 'நம்ம பையன்' என்கிறார். இரண்டையும் ஒரே வாய் ஒரே நிமிஷத்தில் ஆமோதித்தது. இவற்றில் எது அவருடைய அபிப்பிராயம்? இந்தக் கேள்வி நம்மை நெடுங்காலத்துக்கு முந்திய ஒரு கோஷத்தினிடம் கொண்டுபோய் விட்டது.

* * *

'மதராஸ் மனதே' என்பது அந்தக் கோஷம். சிறுவயதில் இதை முதன்முதலாகக் கேட்டபோது ஏதோ பக்திப் பாட்டின் பல்லவி என்று எண்ணினோம். தியாகையர் தம் மனத்தைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வது போல, யாரோ சென்னைவாசி ஒருவர் "ஏ மனதே!" என்று தம் மனத்தை விளித்துப் பாடியிருப்பதாக நமக்கு நினைப்பு. பாட்டியிடம் கேட்டோம். அவள் சிரிக்கவில்லை. "அது பாட்டு இல்லையடா, சண்டை" என்றாள்.

இவ்விடத்தில் நம் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். செங்கற்பட்டுச் சீமையில் பல தலைமுறைகளாக வாழும் தெலுங்குக் குடும்பங்களில் நம்முடையதும் ஒன்று. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். பாட்டிக்குப் பிறந்த வீடு சத்தியவேட்டுக்கு அருகே ஒரு கிராமம். அவள் தங்கையைத் திருத்தணியில் கொடுத்திருந்தது. பாட்டி மட்டும் இந்த ஊரில் ரயிலடி மளிகைக் கடைக்கு வாழ்க்கைப்பட்டாள்.

தெலுங்கு அறியாத நேயர்களுக்காக ஒரு சிறு இலக்கணம். தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. 'நாம்' என்றால் கேட்கிறவரும் அதில் சேர்ந்தவர். 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே நிற்கிறார். இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் இந்தப் பேதம் கிடையாது. ஆனால் தெலுங்கில் உண்டு. 'மாதி' என்றால் எங்களுடையது; 'மனதி' என்றால் நம்முடையது. நாம் விருந்தாளியைப் பார்த்து, "நம்ம வீடுதான், உள்ளே வாருங்கள்" என்கிறோமே, அதைத் தெலுங்கர் 'மன இல்லு' என்பார்கள். கேட்கிறவரையும் வீட்டுக்கு உடையவராக்கிவிடுகிற வார்த்தை அது.

நம் பாட்டியின் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாள் தினந்தோறும் மோருக்கு வருவாள். அந்த அம்மாளுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் பாட்டி வாசற்படியில் நின்று, "லோபலிக்கி ரா அக்கா, மனதே!" என்று அழைப்பது வழக்கம். இருபது வருஷம் கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்கு அதுவே தமிழாகிவிட்டிருந்தது.

* * *

இப்பொழுது சரித்திரத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் தெலுங்கு ஜில்லாக்களைத் தனியே பிரிக்கவேண்டும் என்ற கோரிக்கை பழையது; நியாயமானதுங்கூட. சுதந்திரத்துக்குப் பின் சிக்கலாக நின்றது சென்னைப் பட்டணம் ஒன்றுதான். 1949-ல் ஜவாஹர்லால் நேரு, வல்லபபாய் படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் அடங்கிய காங்கிரஸ் கமிட்டி, சென்னை நகரின்மேல் உள்ள உரிமையைக் கைவிட்டால் ஆந்திர ராஜ்யம் அமைக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டது. தெலுங்கர் பலர் அதற்கு இணங்கவில்லை. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த இடத்தை வழங்கியவர்கள் தெலுங்கு நாயக்கர்கள் அல்லவா என்று கேட்டார்கள். தமிழரோ, கம்பெனி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மயிலையும் திருவல்லிக்கேணியும் நாயன்மாராலும் ஆழ்வார்களாலும் பாடப் பெற்றவை, இன்றும் நகரில் தமிழரே மிகுதி என்றார்கள். இரு தரப்பிலும் பேசுவதற்கு விஷயம் இருந்தது. பொழுது போனாலும், பேசித் தீர்க்கக்கூடிய வழக்குத்தான்.

ஆனால் 1639-ம் வருஷத்துச் சாஸனத்தைத் தெருவிலே எப்படிக் கத்துவது? கோஷம் இரண்டே வார்த்தையாக வந்தது: மதராஸ் மனதே. எதிர்ப்பக்கத்தில் ம. பொ. சிவஞானமும் அவர் 1946-ல் தொடங்கிய தமிழரசுக் கழகத்தாரும் "தலை கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று முழங்கினார்கள். வடக்கெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் பாயிரம் சொல்வதை நினைவூட்டி "வேங்கடத்தை விடமாட்டோம்" என்றார்கள்.

1952-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15-ந் தேதி அவர் உயிர் நீத்தார். தெலுங்கு ஜில்லாக்களில் கலவரம் மூண்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் சிலர் மாண்டார்கள். டிசம்பர் 19-ந் தேதி, சென்னை நகரம் நீங்கலாக ஆந்திர ராஜ்யம் அமையும் என்று நேரு அறிவித்தார். பிறகு, தற்காலிகமாகவாவது புதிய ராஜ்யத்தின் தலைநகர் சென்னையில் இருக்கட்டும் என்று ஒரு யோசனை எழுந்தது. முதன் மந்திரி ராஜாஜி அதற்கு உடன்படவில்லை. 1953 அக்டோபர் 1-ந் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும், திருத்தணி உட்பட, அதோடு போயிற்று.

அந்த டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாளின் மகன், சென்னையில் காலேஜில் படிக்கிறவன், ஊருக்கு வந்திருந்தான். மோர்ச் செம்பை வாங்கத் தாயாருடன் கூட வந்தான். பாட்டி வழக்கம்போல், "ரா அக்கா, மனதே!" என்றாள். பையன் நின்றுவிட்டான். விளையாட்டாகவோ, வினையாகவோ, "ஏன் பெரியம்மா, நீங்களும் அந்தக் கட்சிதானா?" என்று கேட்டான்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு அம்மாள் மகனை அதட்டினாள். மறுநாளும் மோருக்கு வந்தாள். ஆனால் அன்றிலிருந்து பாட்டி வாசற்படியில் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "நம்ம வீடுதான், வாங்க" என்று தமிழிலேயே அழைத்தாள். சில வருஷங்களில் நம் வீட்டுத் தெலுங்கு வாசலிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து சமையலறைக்கும் ஒதுங்கிப் போயிற்று. பாட்டி போனபின் அங்கிருந்தும் போய்விட்டது. இன்று நமக்குத் தெரிந்த தெலுங்கு ரயிலில் வழி கேட்கக்கூடப் போதாது. ஒருவரும் தடுக்கவில்லை, ஒரு சர்க்கார் உத்தரவும் பிறக்கவில்லை. ஒரு கோஷம் ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்ற வார்த்தைகள் அதன் பின்னால் சென்றன.

* * *

கோஷங்களே வேண்டாம் என்று சொல்ல வந்தோமில்லை. அப்படிச் சொல்லத் தேசபக்தருக்கு உரிமை இல்லை. 1942 ஆகஸ்டில் பம்பாயிலிருந்து கிளம்பிய "வெள்ளையனே வெளியேறு" என்ற சொல் ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததைச் செய்தது. ஆனால் அந்தக் கோஷம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அவன் கடல் கடந்து வந்து ஆண்டவன். அவன் வெளியேற வேண்டியவனே. நாம் பேசுவது வேறு நிலைமை. யார் மேல் கோஷம் போடுகிறோமோ அவர் எதிர்வீட்டிலேயே இருக்கிறார். நம் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார். நாளைக்கும் மோருக்கு வருவார். அங்கே கோஷம் வேறு விதமாக வேலை செய்கிறது.

'மனதே' என்ற சொல்லையே பாருங்கள். கூட்டத்தில் நின்ற தெலுங்கர் தம் பக்கத்தில் நின்ற தெலுங்கரைப் பார்த்து 'நம்முடையது' என்றார். அந்த அளவில் இலக்கணம் சரி. தெருவோரம் நின்று கேட்ட தமிழரின் காதில் அது 'எங்களுடையது, உன்னுடையதல்ல' என்று விழுந்தது. எல்லாரையும் உள்ளே அழைக்கப் பிறந்த சொல்லே வெளியே தள்ளும் சொல்லாயிற்று. தமிழ்க் கோஷம் மட்டும் என்ன? 'காப்போம்' என்கிறோம், 'விடமாட்டோம்' என்கிறோம். அந்த 'ஓம்' என்ற விகுதி 'நாம்' என்பதற்கும் பொருந்தும், 'நாங்கள்' என்பதற்கும் பொருந்தும். அதில் நம் பாட்டி உண்டா இல்லையா என்று கோஷம் சொல்லவில்லை. கூட்டத்திலும் அதைக் கேட்டவர் இல்லை. பத்திரிகையில் எழுதுகிற நாமும் யோக்கியர் அல்ல. 'நான்' என்று எழுதக் கூச்சப்பட்டு 'நாம்' என்று எழுதி, நேயர்களை ஒரு வார்த்தை கேட்காமலே நம் கட்சியில் சேர்த்துக்கொள்கிறோம்.

கோஷம் செய்யும் இரண்டாவது காரியம், கேள்வியை மாற்றிவிடுவது. எல்லைப்புறத்து ஜனங்களுக்கு இருந்த உண்மையான கேள்விகள் பல. பிள்ளைகள் எந்தப் பாஷையில் படிப்பார்கள்? கச்சேரியில் மனு எந்தப் பாஷையில் எழுதிக் கொடுப்பது? வீட்டில் ஒன்றும் சந்தையில் ஒன்றும் பேசுகிறவனுக்குத் தாய்மொழி எது? இவற்றுக்கெல்லாம் பொறுமையாக விடை காணவேண்டும். கோஷம் வந்தவுடன் எல்லாம் சேர்ந்து ஒரே கேள்வியாயிற்று: ஊர் யாருடையது? இதற்கு ஒற்றைச் சொல்லில்தான் பதில் உண்டு. "இரண்டு பேருடையதும்" என்று சொன்னவனை இரண்டு பேரும் சந்தேகித்தார்கள்.

கோஷத்தின் பலத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. திருத்தணியில் மறியல் நடந்தது, ம.பொ.சி. சிறை சென்றார். திருத்தணி கே. விநாயகம் போன்றோர் விடாமல் பாடுபட்டார்கள். ஆனால் அந்தக் கோஷத்துக்குப் பின்னால் சத்தமில்லாத ஒரு வேலையும் இருந்தது என்பதை மறக்கலாகாது. மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஊராய்ச் சென்று தமிழ் கற்பித்து வந்தார். அவர் உழுது விதைத்த நிலத்தில்தான் கோஷம் அறுவடை செய்தது. கடைசியில் வழக்குத் தீர்ந்ததும் கோஷத்தினால் மட்டுமல்ல. மத்தியஸ்தராக வந்த எச். வி. படாஸ்கர், ஜில்லாவையோ தாலூகாவையோ மொத்தமாகப் பாராமல் கிராமத்தை அளவாக வைத்துக்கொண்டார். அந்தக் கிராமத்தில் எந்தப் பாஷையினர் அதிகம், அது எந்தப் பக்கத்து நிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தாலூகா சென்னை ராஜ்யத்துக்கு வந்து நம் செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. அதே நாளில் நம் ஜில்லாவிலிருந்து சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று.

பாட்டி அன்றைக்குச் சமையலறையைவிட்டு நகரவில்லை. ஆனால் விடிந்தபோது அவள் பிறந்த வீடு அயல் ராஜ்யம். தங்கை வீடு சொந்த ஜில்லா. "நேற்றுவரை தங்கைக்குத்தான் அயலூர்க் கடுதாசி எழுதினேன், இனிமேல் அண்ணனுக்கு எழுதவேண்டும்" என்று சொன்னாளாம். தீர்ப்பு அநியாயமென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்த்தவரிடம் அவளுக்கு மரியாதையே இருந்தது. அவளுக்குத் தாங்க முடியாதிருந்தது வாசற்படியில் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

* * *

அடுப்பில் பால் சலசலத்தது. தீயைத் தணித்துவிட்டு மறுபடியும் மதிலைப் பார்த்தோம்.

1950-க்குப் பிந்திய வருஷங்களில் திராவிட முன்னேற்றக் கழகத்தார் "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற கோஷத்தைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பினார்கள். பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் வடக்கே போகின்றன என்ற குறை அதில் இருந்தது. தெற்கே ஜனங்களின் அபிப்பிராயத்தை உருவாக்கியதில் அதற்கு நிகரான கோஷம் வேறில்லை. இன்று அதே தெற்கில், இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் நம் ரயிலடியில் இறங்குகிறார்கள். பழைய கோஷத்தில் மனிதர்களே இல்லை, திசைகள்தான் இருந்தன. திசையிலிருந்து மனிதன் இறங்கி வந்து நிற்கும்போது, அவனை என்னவென்று அழைப்பது என்று அந்தக் கோஷம் நமக்குச் சொல்லித் தரவில்லை.

மதிலில் எழுதியவரின் மனக்குறை பொய்யென்று சொல்லமாட்டோம். தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை அந்தத் தொழிற்சாலை வாசலிலேயே ஒப்பந்தக் கூலியாக நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அவன் கேட்கவேண்டிய கேள்வி, "வேலை ஏன் நிரந்தரமாவதில்லை? கூலி ஏன் உயர்வதில்லை?" என்பது. கோஷம் அதை, "வேலை யாருக்கு?" என்று மாற்றிவிட்டது. பக்கத்தில் நிற்கும் ஒடிசாக்காரனும் அதே ஒப்பந்தக் கூலிதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

மேலும், 'உள்ளூரானுக்கே' என்ற கோஷத்துக்கு எல்லையின் அந்தப் பக்கத்திலும் வாய் உண்டு. தொழிற்சாலை வேலையில் நூற்றுக்கு 75 உள்ளூராருக்கே என்று ஆந்திர சட்டசபை 2019-ல் சட்டம் செய்தது. ஹரியானாவும் அவ்வாறே செய்ய, அதை 2023 நவம்பரில் ஹைகோர்ட்டு செல்லாதென்று தள்ளியது. பாட்டியின் பிறந்த வீட்டுச் சத்தியவேட்டுப் பகுதியில்தான் 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் இருக்கிறது. திருவள்ளூர் ஜில்லாவிலிருந்து தமிழ்ப் பையன்கள் எல்லை தாண்டி அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். இங்கே நாம் எழுதும் கோஷத்தை அங்கே தெலுங்கில் எழுதினால், வெளியே நிற்பவன் நம் பிள்ளை.

2023 மார்ச்சு மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடநாட்டார் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று சொல்லும் படக்காட்சிகள் செல்பேசிகளில் பரவின. அவை பொய்யென்று போலீஸ் இலாகா அறிவித்தது. பீகார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. அந்த வாரத்தில் நம் ரயிலடியில் பையன்கள் மூட்டையுடன் நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டால், "ஹோலிப் பண்டிகைக்கு" என்றார்கள். பண்டிகைக்குப் போகிறவர்களின் முகம் அப்படி இருப்பதில்லை. ஒருவரும் இங்கே அவர்களை அடிக்கவில்லை. ஆனால் பொய்யை அவர்கள் நம்பும்படி மதில்கள் முன்னதாகவே பேசி வைத்திருந்தன.

நம் ஊர்ப் பெருமாளின் கதையிலும் ஒரு கோஷம் உண்டு. ஊரெல்லாம் தன் பேரையே சொல்லவேண்டும் என்று இரணியன் கட்டளையிட்டான்; பிள்ளை ஒருவன் மட்டும் வேறு பேர் சொன்னான். அந்தப் பிள்ளைக்காக எழுந்தருளிய மூர்த்தி மனிதனுமல்ல, மிருகமுமல்ல, உள்ளேயுமில்லை, வெளியேயுமில்லை. வாசற்படியிலே உட்கார்ந்துதான் காரியத்தை முடித்தார்.

இந்த எண்ணத்தில் நாம் ஆழ்ந்திருந்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. சரியாக அந்தச் சமயத்தில் கடைக்காரர் வந்து சேர்ந்தார். பையன் கையில் மருந்துப் பொட்டலம். "ஊசி போட்டிருக்கிறார், ஐயா. மூன்று நாள் வேலைக்குப் போகக்கூடாதாம். நம்ம வீட்டில் கஞ்சி வைக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார். பிறகு அடுப்பைப் பார்த்தார், நம்மையும் பார்த்தார். பால் விஷயமாக ஒன்றும் சொல்லவில்லை.

"மதிலில் எழுதியிருப்பது வாஸ்தவம் என்றீர்களே, இந்தப் பையனுக்கு அதைப் படித்துக் காட்டட்டுமா?" என்று கேட்டோம்.

கடைக்காரர் மதிலைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். "அது பொதுவாகச் சொன்னது, ஐயா" என்றார்.

பொதுவாகச் சொல்வதற்கும் பக்கத்தில் நிற்பவன் காது கேட்கச் சொல்வதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. கூட்டத்தில் சேர்ந்து கத்தும்போதுதான் நமக்கு அது மறந்துபோகிறது. எந்தக் கோஷத்துக்கும் வாய் திறக்குமுன், அது யாரைப் பற்றியதோ அவரை வாசற்படியில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியுமா என்று ஒரு தரம் எண்ணிப் பார்த்தால் போதும்.

பையன் மாடி ஏறப் போனான். கடைக்காரர் அவனை நிறுத்தி, "மேலே வெயில், இங்கேயே படு" என்று கடைக்குள்ளிருந்த பெஞ்சியைக் காட்டினார். பையனுக்குத் தமிழ் அரைகுறை. தயங்கி வாசலிலேயே நின்றான்.

"வாடா உள்ளே, நம்ம கடைதான்" என்றார் கடைக்காரர்.

அந்த வார்த்தை அவனுக்கு விளங்கிற்று. மனதே!